முதல் மிடறு மூக்குக்கு

ஜூன் 19

காய்ச்சல் போய்விட்டது, சளியும் போய்விட்டது. மூக்கு மட்டும் இன்னும் எழுந்து உட்காரவில்லை. நாலைந்து நாளில் சரியாகிவிடும். இன்று வேலைக்குத் திரும்பினேன்.

நான் படுத்திருந்த நாட்களில் என் பாரை உண்டு இல்லை என்று பண்ணி வைத்திருக்கிறார்கள். எலுமிச்சையைக் காலையிலேயே வெட்டிவைத்ததில், மாலைக்குள் அது செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. ஐஸ் அள்ளும் கரண்டி ஐஸுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. கலியவரதன் அண்ணனிடம் சத்தம் போட்டேன். நான் ஊற்றிக் கொடுப்பதை மேசைக்குக் கொண்டுபோகிறவர் அவர். நான் இந்த ஹோட்டலுக்கு வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர். "அதான் நீ வந்துட்டியேம்மா, இனிமே ஏன் கத்தற" என்றார்.

மானேஜர் கிருபாகரன் சார் ஒரு குண்டைப் போட்டார். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள், புதுச்சேரியில் இன்னும் கொண்டாடுவார்கள். அன்று சாயங்காலம் எங்கள் பாரில் பழ ஜின் விருந்தாம். முதலாளி தன் விருந்தாளிகளோடு வருகிறார். பழத்தை ஜின்னில் ஊறவைப்பதிலிருந்து காக்டெய்ல் வரை எல்லாம் என் பொறுப்பு.

"உங்க மூக்க நம்பித்தான் முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன் ஜெசிந்தா."

"கவலைப்படாதீங்க சார்" என்றேன்.

இந்த ஹோட்டலுக்கு லாண்டரியில் துணி மடிக்க வந்தவள் நான். ஒருநாள் பாரில் மூன்று கிளாசில் மூன்று ஜின்னை ஊற்றி, எது எதுவென்று பழைய பார்மேனே திணறிக்கொண்டிருந்தார். துணிக் கூடையோடு அந்த வழியாகப் போனவள் மோந்து பார்த்துச் சொன்னேன். அப்படித்தான் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றேன். எனக்கு நாய் மூக்கு என்பார்கள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஜூன் 21

காலையில் பெரிய மார்க்கெட். நாவல் பழம் இப்போது நல்ல பருவம், வண்டி வண்டியாக வந்திருக்கிறது. சிவப்புக் கொய்யா கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. பழக்காரம்மா ஒரு கொய்யாவைப் பிளந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மோந்து பாரு கண்ணு, மார்க்கெட்டே மணக்குது." நானும் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். அழுத்திப் பார்த்துப் பொறுக்கினேன். அழுத்திப் பார்ப்பதும் ஒரு முறைதான், தப்பில்லை.

வீட்டுக்கு வந்து பால் வைத்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோனதைக் கவனிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கொய்யா துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டம்மா மாடிப்படி ஏறி ஓடிவந்து கதவை இடித்தார். "காஸு! காஸு! தெருவுக்கே வருது! உள்ள இருந்துகிட்டு என்னடி பண்ற?" என்று கத்தி, அவரே போய்த் திருகி மூடினார். ரேடியோ சத்தத்தில் தெரியவில்லை என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஜூன் 22

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிட்டேன். சிலிண்டரைப் பால்கனிக்குத் தள்ளியாயிற்று. காஸெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம்.

ஜூன் 24

ஊறல் ஆரம்பம். நாவல் பழத்தைக் கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, கொட்டை உடையாதபடி கீறி, ஒரு சிட்டிகை உப்போடு ஜாடியில் போட்டு ஜின்னை ஊற்றினேன். ஊற்றிய நிமிஷமே ஊதா நூல் நூலாக இறங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வெயில் படாமல் வைத்துத் தினம் ஒருமுறை குலுக்க வேண்டும்.

கொய்யா அப்படியில்லை. அது அவசரக்காரி. இரண்டு நாளைக்கு மேல் விட்டால் கூழாகிவிடும். பம்ளிமாஸில் தோல் மட்டும்தான் வேண்டும், அதிலும் வெள்ளைப் பகுதி துளி இருந்தாலும் கசந்துவிடும். அன்னாசிக்கு என் கையே போதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

மூக்கு அப்படியேதான் இருக்கிறது. ஏசி காற்றுதான் காரணம்.

ஜூன் 26

கொய்யாவை வடிகட்டினேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். சப்பென்று இருந்தது. இன்னொரு கரண்டி. தொண்டையில் எரிச்சல், நாக்கில் லேசாக இனிப்பு. அவ்வளவுதான். சுடுதண்ணீரில் சர்க்கரை போட்டுக் குடித்தால் இப்படித்தான் இருக்கும். மார்க்கெட்காரி ஏமாற்றிவிட்டாள் என்று கொதித்துக்கொண்டிருந்தபோது கலியண்ணன் டிரேயோடு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, கொய்யாத் தோப்புல வந்து நின்ன மாதிரி இருக்குது!"

நான் ஜாடியை மூடினேன். மூடி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அவரே எடுத்துக் கொடுத்தார்.

பிறகு அதில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று போட்டுக் குலுக்கிச் சோடா ஊற்றினேன். கிளாஸ் விளிம்பில் உப்பும் மிளகாய்த் தூளும். மிளகாய் சேர்ந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ஜூன் 28

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி கவுண்டரிலேயே உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் ஜின் குடித்ததே இல்லையாம். பழ ஜின்னை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லித்தரச் சொன்னாள். எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

பெரிய ஐஸாகப் போடுங்கள், சின்ன ஐஸ் கரைந்து எல்லாவற்றையும் தண்ணீராக்கிவிடும் என்றேன். டானிக்கை மேலே கொட்டி மூழ்கடிக்கக் கூடாது. ஜின் ஒரு பங்கென்றால் டானிக் இரண்டு பங்கு, அதற்கு மேல் போனால் பழம் செத்துப்போகும். நாவலுக்கு டானிக்கே வேண்டாம், எலுமிச்சையும் சோடாவும் போதும். வாய் அகன்ற கிளாஸ் எதற்கென்றால், முதல் மிடறு மூக்குக்கு. குடிப்பதற்கு முன் கிளாஸை முகத்தருகே கொண்டுபோய் ஒரு நொடி நில்லுங்கள். ஜின் மணத்தால் ஆன சரக்கு, நாக்குக்கு அதில் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

அவர்கள் செய்தார்கள். நானும் அவர்களோடு கிளாஸை எடுத்து, கண்ணை மூடி, முதலில் பம்ளிமாஸ் தோல் வரும், அதன் பின்னால் ஈரமான பைன் மரம் மாதிரி ஒன்று வரும், கடைசியில் கொத்தமல்லி விதை என்று சொல்லிக்கொண்டே போனேன். "ஆமா, வருது, வருது!" என்று அந்தப் பெண் குதித்தாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. போன வருஷம் வந்ததைச் சொன்னேன்.

அவர்கள் போனதும் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றேன். கழுவிய கிளாஸையே மறுபடி மறுபடி கழுவினேன். பாரில் சுத்தம்தான் முக்கியம்.

ஜூலை 1

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். ரெட்டியார்பாளையம் வரை போனேன், ஹோட்டல் பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாதென்று. டாக்டர் நல்ல மனிதர். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. வந்தாலும் வரும், மாசக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம் என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆபீஸ் என்றேன்.

கிராம்பு, காபித்தூள், எலுமிச்சைத் தோல், ரோஜா. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, அதன் வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மூக்குக்குப் பள்ளிக்கூடம். கிராம்பை மூக்கருகே பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கிராம்பு ஒரு சின்ன ஆணி மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சொன்னால் கவுண்டர் போய்விடும். மூக்கில்லாத பார்மேனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? திரும்பவும் லாண்டரிக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். பதினாலாம் தேதியைத் தாண்டிவிட்டால் போதும். அதற்குள் வந்துவிடலாம். வந்துவிடும்.

ஜூலை 4

ஒரு யோசனை தோன்றியது. கலியண்ணனுக்குப் பயிற்சி கொடுப்பதாக ஆரம்பித்துவிட்டேன். விருந்தன்று மேசையில் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே என்று அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு கிளாஸாக அவர் மூக்கில் நீட்டி, என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள் என்பேன்.

"இது சோப்பு."

"சரியா சொல்லுங்கண்ணே."

"சோப்புதான். கல்யாண வீட்ல கை கழுவ வெப்பாங்களே, அந்த சோப்பு."

பம்ளிமாஸ் தோல் அதிகமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. குறைத்தேன். அன்னாசியை "பொறந்தநாள் கேக்கு" என்றார். பாகு ஜாஸ்தி. நாவலை மட்டும் மோந்துவிட்டுப் பேசாமல் நின்றார். "எங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு மரம் இருந்துச்சு" என்றார் கடைசியில். அது சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது கிருபாகரன் சார் வந்து நான்கையும் குடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுல மிளகா, ஒண்ணுல இஞ்சி, ரெண்டுல புதினா. ஜின் குடிக்கிறமா, ரசம் குடிக்கிறமா ஜெசிந்தா? முன்னெல்லாம் நீங்க இப்படிப் பண்ண மாட்டீங்களே."

"இப்போ இதுதான் சார் ஃபேஷன்" என்று எரிந்து விழுந்தேன். மிளகாயின் எரிப்பும் இஞ்சியின் உறைப்பும் புதினாவின் குளிர்ச்சியும்தான் எனக்கு வருகின்றன என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 7

காபித்தூள் டப்பாவில் ஏதோ வந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் மறுபடி மோந்தேன். இல்லை.

ஜூலை 10

விருந்துக்காகக் கவுண்டர் மரத்துக்கு பாலிஷ் போடுகிறார்கள். பாலிஷ்காரர் ஏழுமலை அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கிறார். பார் பகலில் மூடல். சமையல்கட்டு ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். தலை வலிக்கிறது என்று ரிசப்ஷனில் இருப்பவர்கள்கூட வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் என் பாட்டுக்கு அந்த ஓரத்தில் உட்கார்ந்து அன்னாசி நறுக்கினேன்.

கிருபாகரன் சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதுலயும் உக்காந்து வேலை பாக்கறீங்க பாருங்க, இதுக்குப் பேர்தான் ஈடுபாடு" என்றார். எழுந்து வெளியே போவதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியவில்லை. சும்மா இரண்டு தடவை இருமி வைத்தேன்.

கலியண்ணன் கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு வேறு வேலையே கிடையாதா?

ஜூலை 12

நாவலை மெல்லிய துணியில் வடிகட்டினேன். நிறம் மட்டும் போதும், பார்க்கிறவன் சொக்கிப்போவான். நாவல் ஜின், எலுமிச்சை, பாகு, முட்டையின் வெள்ளைக் கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கி, பிறகு ஐஸ் போட்டுக் குலுக்கினால் மேலே வெண்ணுரை கட்டும். நுரையின் மேல் வறுத்த சீரகப்பொடி ஒரு துளி. இதில் நான் மிளகாய் போடவில்லை. சார் கேட்டார் என்பதற்காக இல்லை, நாக்கிலேயே துவர்ப்பு தெரிகிறது, அது போதும்.

கிருபாகரன் சார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதையே வெல்கம் டிரிங்கா குடுத்துடலாம், எல்லாருக்கும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தபிறகுதான் உறைத்தது. முதலாளியின் விருந்தாளிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். நாவல் போதாது.

ஜூலை 13

மிச்சமிருந்த பழத்தைப் புதுப் பழத்தோடு சேர்த்து இரண்டாவது ஜாடி போட்டேன். ஜின் பாதி ஜாடிக்குத்தான் வந்தது. ஸ்டோர்காரர் சாவியோடு வில்லியனூருக்குப் போய்விட்டார், அவர் மாமனாருக்கு உடம்பு சரியில்லையாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு பார்த்தால், கவுண்டருக்கு அடியில், துணி மூட்டைக்குப் பக்கத்தில், அதே ஜின்னின் பாட்டில் ஒன்று முக்கால்வாசி இருந்தது. யாரோ எடுத்துப் பாதியில் வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். எரிந்தது, கசந்தது. ஜின்தான். முழுவதையும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன்.

கலியண்ணன் இன்று சாமியானாக்காரர்களோடு வெளியே அலைந்தார். பயிற்சி நடக்கவில்லை.

மாலையில் முதல் ஜாடியையும் இரண்டாவதையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன். ஒரே ருசியாக இருக்க வேண்டுமல்லவா?

ஜூலை 14, மத்தியானம்

சீருடை இஸ்திரி ஆகிவிட்டது. கிளாஸ்கள் துடைத்தாயிற்று. எலுமிச்சை இனிமேல்தான் வெட்ட வேண்டும்.

நாவலை ஒரு கரண்டி ருசி பார்த்தேன். கசப்பு கூடியிருக்கிறது, தொண்டையில் சுரீர் என்கிறது. கொட்டை கீறியிருக்கும். சரியாகப் புரிபடாததால் இன்னும் ஒரு கரண்டி விழுங்கினேன். இப்போதெல்லாம் விழுங்கினால்தான் எனக்கு ஏதாவது தெரிகிறது. பாகு கொஞ்சம் சேர்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று ஒருநாள். மாதாவே, இன்று ஒருநாள் யாரும் என்னிடம் எதையும் நீட்டி, மோந்து சொல் என்று கேட்காமல் இருக்கட்டும்.

ஜூலை 15

ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில். கையில் சலைன் ஊசி இருக்கிறது, இன்னொரு கையால் எழுதுகிறேன். இந்த நோட்டு எப்போதும் கைப்பையிலேயே இருக்கும். எழுத்து தெரிகிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுத்து தெரிகிறது.

நேற்று சாயங்காலம் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பீச் ரோட்டிலிருந்து பேண்டு சத்தம் கேட்டது. நான் முதல் வரிசைக் கிளாஸ்களை ஊற்றி, நுரையின் மேல் சீரகம் தூவி டிரேயில் வைத்தேன். கலியண்ணன் டிரேயை எடுத்தார். இரண்டடி போனவர் நின்றார். திரும்பினார். டிரேயோடு அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய்க் கவிழ்த்தார். அத்தனை கிளாஸும் நொறுங்கின.

"அண்ணே!" என்று அலறினேன். "பைத்தியமா உங்களுக்கு?"

அவர் கவுண்டருக்குள் வந்து நாவல் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். ஜாடி எங்கள் இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. ஊதா நிறம் சுவர் வரை தெறித்தது.

அவரைத் திட்டித் தீர்த்தேன். என் பெயரைக் கெடுக்கத்தான் செய்தார் என்று நினைத்தேன். மண்டி போட்டுக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் கிடந்த பழங்களையும் சாற்றையும் கிண்ணத்தில் அள்ள ஆரம்பித்தேன். வடிகட்டினால் பத்து கிளாஸாவது தேறும் என்று சொல்லிக்கொண்டே அள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாரும் பக்கத்தில் வரவில்லை என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முதல் மேசைக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தியிருந்தார். முதலாளி கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். கிருபாகரன் சார் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஜெசிந்தா... இவ்ளோ நாத்தத்துல என்ன பண்றீங்க?"

நான் கிண்ணத்தோடு மண்டியிட்டபடியே இருந்தேன். என்ன நாற்றம் என்று அவரைக் கேட்க வாய் வந்துவிட்டது. கேட்கவில்லை. அவர் முகத்தில் அது மெல்ல மெல்லப் புரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பார்வைக்குத்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன்.

கலியண்ணன் குனிந்து என் தோளைப் பிடித்தார். "இது ஏழுமலையோட பாலிஷ் ஸ்பிரிட்டும்மா. அவன் கேன் ஒழுகுதுன்னு காலி ஜின் பாட்டில்ல ஊத்தினத பாத்தன், எடுத்துனு போயிருப்பான்னு நெனச்சன். நீ இத குடிச்சியா?"

"ருசி பாத்தேன்."

"எவ்ளோ?"

"ரெண்டு கரண்டி."

அவர் என்னை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டத்துக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டே போனார். தெருவிளக்கு மங்கலாகத் தெரிகிறதா, நான்தான் அப்படிப் பார்க்கிறேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு கடைப் பலகையாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றைப் படிக்க முடியவில்லை. வண்டி வேகத்தில் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அடுத்ததைச் சத்தமாகப் படித்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். பாலிஷ் ஸ்பிரிட் சிலதில் கண்ணைப் பறிக்கிற விஷச் சாராயம் கலந்திருக்கும் என்றார். கேள்வி கேட்டுக்கொண்டே ரத்தம் எடுத்தார்.

"எந்தக் கம்பெனி ஸ்பிரிட்?"

"தெரியல டாக்டர்."

"பாட்டில் கொண்டுவந்தீங்களா?"

"இல்ல டாக்டர். காலி."

"சரி, வாசனை எப்படி இருந்துச்சு? பெயிண்ட் மாதிரியா, அழுகின மீன் மாதிரியா? அத வெச்சு ஓரளவு சொல்லலாம். யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

நான் யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் இருந்தேன். பழக்கம். பெயிண்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். தப்பாகச் சொன்னால் தப்பான மருந்து கொடுப்பாரே என்று நினைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"தெரியாது டாக்டர். எனக்கு வாசனையே வர்றதில்ல."

"எத்தன நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

சொன்ன பிறகு கலியண்ணன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் பேசினார். "அழுகின மீனுதான் டாக்டர். அதோட பெயிண்டும். நான் மோந்தன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டு போனார். வராண்டாவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"நீ திரும்பி வந்த அன்னைக்கே. ஒனக்குப் பின்னால வடிகால்ல எலி செத்துக் கெடந்துது. நீ அங்க நின்னு எலுமிச்சங்காய்க்கு என்னைத் திட்டிகினு இருந்த." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னைலேர்ந்து நீ குடுக்கற ஒவ்வொரு கிளாஸையும் மோந்துட்டுத்தான் டேபிளுக்கு எடுத்துனு போறன். ரெண்டு மூணு தடவ திரும்பி வந்து வேற ஊத்தச் சொல்லியிருக்கறன், கிளாஸுல ஈ வுழுந்துச்சுன்னு. ஈ ஒண்ணும் வுழுல."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தன்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவர் எனக்குத் தெரியாமல் எனக்குக் காவல் இருந்திருக்கிறார். நானோ இவருக்குப் பயிற்சி கொடுப்பதாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"அண்ணே, நீங்க ஒருநாள் லீவு போட்டிருந்தா?"

"நான் லீவே போடலையேம்மா."

"போன ஞாயித்துக்கிழமை திண்டிவனத்துல உங்க பொண்ணுக்கு வளைகாப்புன்னு சொன்னாங்களே, அதுக்குமா போகல?"

"அவ அம்மா போயிட்டு வந்தா" என்றார்.

காலையில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தேன். ரத்தத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை, நாளைக்குப் போகலாம் என்றார்கள். இரண்டு கரண்டியோடு போயிற்று. யாராவது இரண்டு கிளாஸ் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜூலை 16

வீட்டுக்குப் போகாமல் நேராக ஹோட்டலுக்குப் போனேன். கிருபாகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும், வராமலே போகலாம் என்பதையும்.

"முந்தாநேத்து யாராவது அதக் குடிச்சிருந்தா, நீங்களும் நானும் இங்க நின்னு பேசிகிட்டு இருக்க மாட்டோம்."

"தெரியும் சார்."

"முதலாளி திங்கக்கிழமை வர்றார். அவர்தான் முடிவு பண்ணணும். நான் உங்களுக்காகப் பேசறேன்னு சத்தியம் பண்ண முடியாது." பிறகு, "இன்னைக்குக் கவுண்டர்ல நிக்க ஆள் இல்ல" என்றார்.

கவுண்டருக்கு அடியில் இருந்த பாட்டில்கள் எல்லாவற்றையும், சீல் உடைக்காதவை தவிர, தொட்டியில் கொட்டினேன். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தோம். முதலில் வந்தவர் அன்னாசி ஜின் கேட்டார். புது பாட்டில் உடைத்து, புதுப் பழம் நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, பெரிய ஐஸ் போட்டு ஊற்றினேன். கலியண்ணன் வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கமாக டிரேயோடு நின்றிருந்தார். அங்கே நின்றுதான் இத்தனை நாளும் மோந்து பார்த்திருக்கிறார் போலும்.

"அண்ணே, இங்க வாங்க" என்றேன் சத்தமாக. கவுண்டரில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

வந்தார். அத்தனை பேர் முன்னால் கிளாஸை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அன்னாசி ஜின் கேட்டவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க" என்றேன் அவரிடம். "இவரு சரின்னு சொன்னாத்தான் உங்களுக்குக் குடுப்பேன்."

கலியண்ணன் அவசரப்படாமல் மோந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"குடும்மா" என்றார்.